மவுஸ் பிடித்த கை ஏன் வலிக்கிறது?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதம் கேட்கும் கேள்விகள் எல்லாம் மெஷினைப் பற்றியவை. பிரிண்டர் ஏன் வேலை செய்யவில்லை, சேமித்த பைல் எங்கே போனது, தனியாக ஆன்ட்டி வைரஸ் வாங்க வேண்டுமா என்று கேட்பார்கள். இரண்டாவது, மூன்றாவது மாதத்தில்தான் கேள்வி உடம்பின் பக்கம் திரும்பும். "சார், மணிக்கட்டு வலிக்குது. இந்த மவுஸ்தான் காரணமா?"

இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் ஒரு படம். முதுகு நேராக, முழங்கை சரியாக 90 டிகிரியில், கால் தரையில் பதிந்து, ஒரு பொம்மை மனிதர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பார். அவரைப் போலவே உட்கார்ந்து பார்த்தும் வலி போகவில்லை என்பவர்கள் நிறைய. எனவே இந்தக் கட்டுரையில் அந்தப் படத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, ஆராய்ச்சியாளர்கள் உண்மையில் எதை அளந்தார்கள், என்ன கண்டார்கள் என்று பார்ப்போம். நான் டாக்டர் அல்ல, கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுப்பவன். எனவே மாத்திரை பெயர் எதுவும் இங்கே கிடைக்காது. ஆனால் விண்டோஸில் மாற்ற வேண்டிய இரண்டு மூன்று செட்டிங்குகள் கிடைக்கும்.

எந்த விரல் என்று பாருங்கள்

"கை வலி" என்று பொதுவாகச் சொன்னால் யாராலும் உதவ முடியாது. எந்த இடம், எந்த விரல், எந்த நேரம் என்று கவனியுங்கள். ஒரு சிறிய பேப்பரில் கையின் படம் வரைந்து, மரத்துப் போகும் இடத்தைப் பேனாவால் நிரப்பினாலே பாதி வேலை முடிந்தது.

நம் மணிக்கட்டுக்குள் ஒரு குறுகலான பாதை இருக்கிறது. அடியில் எட்டுச் சிறு எலும்புகள். மேலே ஒரு கெட்டியான நார்ப்பட்டை கூரை போல. இந்தப் பாதை வழியாகத்தான் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும், அவற்றோடு நெருக்கியடித்துக்கொண்டு மீடியன் என்ற ஒரே ஒரு நரம்பும் உள்ளங்கைக்கு வருகின்றன. காலை நேர டவுன் பஸ்ஸில் நடுவில் மாட்டிக்கொண்ட சின்னப் பையன் நிலைதான் அந்த நரம்புக்கு. பாதையில் அழுத்தம் கூடினால் முதலில் நசுங்குவது அதுதான். இதைத்தான் கார்ப்பல் டனல் சிண்ட்ரோம் என்கிறார்கள்.

இந்த நரம்பு உணர்ச்சி தருவது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவற்றுக்கு. சுண்டு விரலுக்கு இதில் பங்கு இல்லை. ஆகவே முதல் மூன்று விரல்கள் மரத்துப்போய், ராத்திரியில் தூக்கம் கலைந்து கையை உதறினால் சரியாகிறது என்றால், சந்தேகம் மணிக்கட்டின் மேல். சுண்டு விரலும் அதை ஒட்டிய மோதிர விரலும் மரத்தால், பார்க்க வேண்டிய இடம் பெரும்பாலும் முழங்கை. அங்கே அல்நர் என்ற வேறு நரம்பு எலும்பை ஒட்டி ஓடுகிறது. முழங்கையை மேஜை விளிம்பில் ஊன்றிக்கொண்டு மணிக்கணக்கில் படம் பார்ப்பவர்களுக்கு இது வரும். கட்டைவிரலின் அடிப்பக்கம், மணிக்கட்டு ஓரத்தில் வலித்தால் அங்கே உள்ள இரண்டு தசைநாண்களின் உறை தடித்திருக்கலாம். இதற்கு டி கெர்வெய்ன் என்று பெயர். கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் தாய்மார்களுக்கும் வரும். முழங்கையின் வெளிப்பக்கம் வலித்தால் அது டென்னிஸ் எல்போ. டென்னிஸ் மட்டையை வாழ்நாளில் தொடாதவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது!

கம்ப்யூட்டருக்கு முன்பே வந்த நோய்

இது கம்ப்யூட்டர் கொண்டு வந்த புது வியாதி என்று நினைக்க வேண்டாம். பெர்னார்டினோ ராமசினி என்ற இத்தாலிய மருத்துவர், தொழிலாளர்களின் நோய்களைப் பற்றிய தன் நூலின் 1713-ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுத்தர்களின் கை வலியைப் பற்றி எழுதினார். அவர் சொன்ன காரணங்கள் மூன்று. எப்போதும் உட்கார்ந்தே இருப்பது, கை ஓயாமல் ஒரே மாதிரி அசைவது, தப்பு வந்துவிடக் கூடாதே என்ற மன இறுக்கம். இறகுப் பேனாவை எடுத்துவிட்டு கீபோர்டை வைத்தாலும் ஒரு வரியை மாற்ற வேண்டியதில்லை.

ராமசினி தனக்குத் தெரிந்த ஒரு பத்திர எழுத்தரைப் பற்றியும் சொல்கிறார். வலது கை முடியாமல் போகவே அவர் இடது கையால் எழுதப் பழகினார். சில நாளில் இடது கைக்கும் அதே நோய் வந்துவிட்டது. "மவுஸை இடது கைக்கு மாத்துங்க, எல்லாம் சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த எழுத்தர் ஞாபகம்தான் வரும். மாற்றலாம், ஆனால் இரண்டு கையும் முறை வைத்துக்கொண்டு வேலையைப் பங்கு போட வேண்டும். வலது கையின் மொத்தச் சுமையையும் தூக்கி இடது கை மேல் போடுவதில் லாபம் இல்லை.

பிறகு தந்தி வந்தது. தந்தி அடிப்பவர்களின் கைப்பிடிப்பு, பிரிட்டனில் 1908-ல் நஷ்டஈடு பெறத்தக்க தொழில் நோய்கள் பட்டியலில் சேர்ந்தது. 1980-களின் நடுவில் ஆஸ்திரேலியாவில் கீபோர்டில் வேலை செய்பவர்களிடையே கை வலிப் புகார்கள் பெரிய அலையாகக் கிளம்பின. சில ஆண்டுகளில் அலை தணிந்தது, கீபோர்டுகள் மட்டும் ஆபீஸ்களில் பெருகிக்கொண்டே போயின. வேலை நெருக்கடி, பயம், நஷ்டஈட்டு வழக்குகள் எல்லாம் சேர்ந்தே அந்த அலையை உண்டாக்கின என்று ஒரு சாராரும், வலி நிஜம்தான் என்று இன்னொரு சாராரும் வாதாடினார்கள். என்னைக் கேட்டால் இரண்டும் உண்மையாக இருக்கலாம். மனம் இறுகினால் தோளும் இறுகும், அதில் பொய் எதுவும் இல்லை.

எண்ணிப் பார்த்தவர்கள்

இனி கணக்குக்கு வருவோம். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கம்ப்யூட்டரை நிறையப் பயன்படுத்தும் ஊழியர்களிடம் நடத்திய ஆய்வு 2001-ல் வெளியானது. 257 பேர் பதில் தந்தார்கள். கை மரத்துப் போகிறது, ஊசி குத்துகிறது என்றவர்கள் சுமார் 30 சதவீதம். ஆனால் நரம்பில் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் சோதனையில் கார்ப்பல் டனல் என்று உறுதியானவர்கள் ஒன்பது பேர்தான், அதாவது 3.5 சதவீதம். இன்னும் முக்கியமான விஷயம், நோய் உள்ளவர்களும் இல்லாதவர்களும் கம்ப்யூட்டரில் செலவிட்ட நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

2003-ல் டென்மார்க்கிலிருந்து இதைவிடப் பெரிய ஆய்வு வந்தது. ஒரு தொழிற்சங்கத்தின் 9,480 உறுப்பினர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார்கள். பதில் தந்த 6,943 பேரை ஓராண்டு கழித்து மறுபடியும் விசாரித்தார்கள். கீபோர்ட் நேரத்துக்கும் கார்ப்பல் டனல் அறிகுறிகளுக்கும் தொடர்பு தெரியவில்லை. மவுஸ் விஷயம் வேறு. வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் மவுஸ் பிடித்தவர்களுக்கு அறிகுறி கூடியிருந்தது. ஆனாலும் கம்ப்யூட்டர் வேலையை இந்த நோய்க்குப் பெரிய ஆபத்தாகச் சொல்ல முடியாது என்றே முடித்தார்கள்.

"அப்போ என் வலி பொய்யா?" என்று கோபப்படாதீர்கள். அட்லாண்டாவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த 632 கம்ப்யூட்டர் பணியாளர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2002-ல் வந்தது. முதல் ஆண்டிலேயே பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கழுத்திலோ தோளிலோ கையிலோ வலி வந்தது. கையில் வந்த நோய்களில் முதலிடம் பிடித்தது கார்ப்பல் டனல் அல்ல, மேலே சொன்ன கட்டைவிரல் ஓர டி கெர்வெய்ன்.

ஆக, கம்ப்யூட்டரால் வலி வருவது சகஜம். ஆனால் எல்லோரும் பெயர் சொல்லிப் பயப்படும் அந்த நரம்பு நோய்க்கு கம்ப்யூட்டர்தான் காரணம் என்று முடிவு கட்டினால், உண்மையான காரணம் கண்ணுக்குத் தப்பிவிடும். சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, மூட்டுவாதம், உடல் பருமன், கர்ப்பம் ஆகியவை கார்ப்பல் டனலோடு சேர்ந்து வருபவை.

என் வகுப்புக்கு வந்த ஓர் அம்மாவுக்கு அப்படித்தான் ஆனது. கல்லூரி மாணவர்களின் ஆய்வேடுகளை வீட்டிலேயே டைப் செய்து கொடுப்பவர். பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. மகளின் பீஸ் அதிலிருந்துதான் போகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு வலது கை மரத்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். "கம்ப்யூட்டரை வித்துடுன்னு வீட்ல சொல்றாங்க சார்" என்றார். சுண்டு விரல் மரக்கிறதா என்று கேட்டேன். "இல்ல சார், அது மட்டும் நல்லாருக்கு. ஆனா இடது கையிலயும் லேசா இருக்கு." மவுஸையே தொடாத இடது கையிலும் இருக்கிறது என்றால் குற்றத்தை மவுஸ் மேல் எப்படிப் போடுவது? "அம்மா, மெஷினை விக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை டாக்டரைப் பாருங்க" என்றேன். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவு தெரிந்தது. அதற்கு மாத்திரை, ராத்திரியில் மணிக்கட்டுக்கு ஒரு பட்டை. நாலைந்து மாதத்தில் ராத்திரி மரப்பு நின்றது. கம்ப்யூட்டர் இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறது. நாளைக் காலைக்குள் வேண்டும் என்று வரும் அவசர வேலைகளை மட்டும் இப்போது எடுப்பதில்லை.

எல்லோருக்கும் இவ்வளவு சுலபமாக முடியும் என்று சொல்ல வரவில்லை. காரணத்தைத் தேடாமல் கம்ப்யூட்டரை விற்றிருந்தால் வருமானமும் போயிருக்கும், வலியும் இருந்திருக்கும்.

கிளிக் செய்வதைவிட இழுப்பது மோசம்

மவுஸில் எந்த வேலை அதிகம் படுத்துகிறது? இதையும் அளந்திருக்கிறார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நோய் எதுவும் இல்லாத 14 பேரின் மணிக்கட்டுப் பாதைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி அழுத்தத்தை அளந்து 1999-ல் வெளியிட்டார்கள். அலகு, ரத்த அழுத்தம் அளக்கும் அதே பாதரச மில்லிமீட்டர். கை சும்மா இருக்கும்போது 5 அளவில் இருந்த அழுத்தம், பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுக்கும்போது 30 அளவுக்கு ஏறியது. அந்த அளவு அழுத்தம் நீண்ட நேரம் நீடித்தால் நரம்புக்கு நல்லதல்ல.

பட்டனை அழுத்திப் பிடித்து இழுக்கும் வேலையை நாம் தினமும் எத்தனை தடவை செய்கிறோம்! வரிகளை செலக்ட் செய்ய, பைலை வேறு போல்டருக்கு மாற்ற, பேஷன்ஸ் சீட்டு விளையாட. இதற்கு விண்டோஸில் ஒரு வசதி இருக்கிறது, பலரும் அதைத் தொட்டதே இல்லை. ஸ்டார்ட் பட்டனில் கிளிக் செய்து செட்டிங்ஸ் திறக்கவும். விண்டோஸ் 11-ல் புளூடூத் அண்ட் டிவைசஸ் பிரிவில் மவுஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். அங்கே அடிஷனல் மவுஸ் செட்டிங்ஸ் என்ற வரியில் கிளிக் செய்தால் பழைய பாணியில் ஒரு சிறிய விண்டோ கிடைக்கும். அதில் பட்டன்ஸ் டேபில், டர்ன் ஆன் கிளிக்லாக் என்பதற்கு எதிரே டிக் அடையாளம் ஏற்படுத்தி ஓகே கொடுக்கவும். இனி பட்டனை ஒரு கணம் அழுத்தி விட்டால் போதும், கம்ப்யூட்டர் அதை அழுத்தியபடியே வைத்துக்கொள்ளும். விரலைத் தளர்த்திவிட்டு மவுஸை நகர்த்தலாம். சேர வேண்டிய இடம் வந்ததும் மறுபடி ஒரு கிளிக். பழக இரண்டு நாள் ஆகும். முதல் நாள் எரிச்சலாகக்கூட இருக்கும்.

அதே மவுஸ் பக்கத்தில் பாயின்டர் ஸ்பீடு என்ற ஸ்லைடரைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளினால், திரையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போக கை அவ்வளவு தூரம் நகர வேண்டியதில்லை. இடது கைக்கு மாற்ற விரும்பினால் பிரைமரி மவுஸ் பட்டன் என்ற இடத்தில் ரைட் என்று தேர்ந்தெடுக்கவும். காப்பிக்குக் கண்ட்ரோலும் சி-யும், பேஸ்ட்டுக்குக் கண்ட்ரோலும் வி-யும், சேமிக்கக் கண்ட்ரோலும் எஸ்-சும் போன்ற கீகளைப் பழகிக்கொண்டால் மவுஸைத் தொடும் அவசியமே பாதி குறையும். கண்ட்ரோல், ஷிப்ட் கீகளை அழுத்திப் பிடிப்பதே சுண்டு விரலுக்குச் சிரமம் என்பவர்கள், செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி சென்று கீபோர்ட் பிரிவில் ஸ்டிக்கி கீஸ் என்பதை ஆன் செய்திடவும். ஷிப்டை ஒரு தடவை தட்டி விட்டுவிட்டால் அடுத்த கீ வரை அது காத்திருக்கும்.

90 டிகிரிப் படத்தின் கதை

இப்போது அந்தப் படத்துக்கு வருவோம். அட்லாண்டா ஆய்வில் ஒவ்வொருவர் உட்காரும் விதத்தையும் கோணமானி வைத்து அளந்தார்கள். கீபோர்ட் முழங்கை மட்டத்துக்குக் கீழே இருந்து, முழங்கை 90 டிகிரியைவிட நன்றாகவே விரிந்து, 121 டிகிரிக்கு மேல் இருந்தவர்களுக்குக் கழுத்து, தோள் தொந்தரவு குறைவாக இருந்தது. கீபோர்டை மேஜை விளிம்பிலிருந்து 12 செ.மீ.க்கு மேல் உள்ளே தள்ளி வைத்தவர்களுக்குக் கை வலி குறைவு. முன்கை மேஜையில் சாய இடம் கிடைப்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

அதோடு விட்டிருந்தால் புதிய படம் ஒன்றை வரைந்து சுவரில் மாட்டியிருப்பார்கள். அந்தக் குழுவே அடுத்து ஒரு நேர்மையான வேலை செய்தது. 376 பேரைச் சீட்டுக் குலுக்கி மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பழைய படத்தின்படி உட்காரும் முறை, இன்னொன்றுக்குப் புதிய கோணங்கள், மூன்றாவது குழுவை அப்படியே விட்டார்கள். 2005-ல் வந்த முடிவு: மூன்று குழுவுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை! நம் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்து வெட்கப்பட்டு, ஆயிரக்கணக்கில் செலவழித்து சுழல் நாற்காலி வாங்கத் துடிப்பவர்கள் இந்தச் செய்தியைப் படித்துவிட்டு கடைக்குப் போகலாம்.

கோணத்தைவிட முன்கைக்குத் தாங்கல் இருப்பதற்குச் சான்று கொஞ்சம் உறுதி. ஒரு கால் சென்டரில் 182 பேரிடம் ஓராண்டு நடத்தி 2006-ல் வெளியான சோதனையில், மேஜை விளிம்பில் முன்கையை வைக்க ஒரு அகலப் பலகை பொருத்தியவர்களுக்குக் கழுத்து, தோள், வலது கை வலி குறைந்தது. நம் வீடுகளில் சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டர் வைத்திருப்போம். மேஜை உயரமாக இருக்கும், தோள் தூக்கியபடியே இருக்கும். நாற்காலியில் ஒரு போர்வையை மடித்துப் போட்டு உட்காருங்கள். கால் தரைக்கு எட்டவில்லை என்றால் கீழே ஒரு மணைப்பலகை. கீபோர்டை ஒரு ஜாண் உள்ளே தள்ளுங்கள். மவுஸை கீபோர்டை ஒட்டியே வையுங்கள். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

லேப்டாப்பைக் கட்டிலில் மடிமேல் வைத்து வேலை செய்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அரை மணி நேரம் என்றால் பரவாயில்லை. நாள் முழுவதும் என்றால் தனியாக ஒரு கீபோர்டும் மவுஸும் வாங்கி இணைத்துவிடுங்கள். லேப்டாப்பை நாலு தடிமனான புத்தகத்தின் மேல் தூக்கி வைத்தால் கழுத்தும் தப்பிக்கும்.

ஐந்து நிமிடம் எழுந்திருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இதுதான். அமெரிக்க வருமான வரித்துறையில் டேட்டா என்ட்ரி செய்யும் 42 பேரை வைத்து நடத்தியது, 2000-ல் வெளியானது. வழக்கமான நாளில் முற்பகல் ஒரு 15 நிமிடம், பிற்பகல் ஒரு 15 நிமிடம் ஓய்வு. நாலு வாரம் இப்படி. இன்னொரு நாலு வாரம், இந்த ஓய்வுகளோடு இடைவெளி இல்லாத ஒவ்வொரு மணி நேரத்திலும் கூடுதலாக ஐந்து நிமிடம். மொத்தத்தில் நாளுக்கு 20 நிமிட வேலை குறைவு. ஆனால் முடித்த வேலையின் அளவு குறையவில்லை. கை, தோள் தொந்தரவும் கண் சோர்வும் குறைந்தன.

முதலாளிகள் படிக்க வேண்டிய ஆய்வு என்று தோன்றுகிறது அல்லவா? வீட்டில் நாமே முதலாளி, ஆனாலும் நமக்கு நாம் ஓய்வு கொடுப்பதில்லை. "இதோ இந்த ஒரு பக்கம்" என்று இரண்டு மணி நேரம் போய்விடும். வொர்க்ரேவ் என்ற இலவச புரோகிராம் இருக்கிறது. இன்ஸ்டால் செய்தால் நீங்கள் எவ்வளவு நேரம் டைப் செய்தீர்கள், மவுஸை நகர்த்தினீர்கள் என்று கணக்கு வைத்துக்கொண்டு, "போதும், எழுந்திருங்கள்" என்று திரையில் வந்து நிற்கும். நேர அளவுகளை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். புரோகிராம் எல்லாம் வேண்டாம் என்றால் செல்போன் அலாரம் போதும். எழுந்து போய் செல்போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் மட்டும் அது ஓய்வு ஆகாது. கட்டைவிரலுக்கு அது ஓவர்டைம்.

டாக்டரிடம் போனால்

கார்ப்பல் டனலுக்கு முதலில் தருவது பெரும்பாலும் ராத்திரிப் பட்டை. தூக்கத்தில் நாம் மணிக்கட்டை மடக்கிக்கொள்கிறோம், மடங்கினால் உள்ளே அழுத்தம் ஏறும். பட்டை அதைத் தடுத்து நேராக வைக்கிறது. பகலில் அதைக் கட்டிக்கொண்டே டைப் செய்பவர்களைப் பார்க்கிறேன். பட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டு விரலை நகர்த்துவது வேறு வலியைக் கொண்டு வரும்.

பட்டையா, ஆபரேஷனா என்று நெதர்லாந்தில் 176 நோயாளிகளிடம் ஒப்பிட்டு 2002-ல் வெளியிட்டார்கள். மூன்று மாதத்தில் ஆபரேஷன் குழுவில் 80 சதவீதம் பேர் தேறினார்கள், பட்டைக் குழுவில் 54 சதவீதம். ஒன்றரை ஆண்டில் 90-க்கு 75. ஆனால் பட்டைக் குழுவில் இருந்தவர்களில் 41 சதவீதம் பேர் அதற்குள் ஆபரேஷனும் செய்துகொண்டார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கூரையாக இருக்கும் அந்த நார்ப்பட்டையை வெட்டி இடம் உண்டாக்குவதுதான் இந்த ஆபரேஷன். பெரும்பாலும் கையை மட்டும் மரக்கச் செய்து முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

டென்னிஸ் எல்போவில் கதை வேறு. இதுவும் நெதர்லாந்து, இதுவும் 2002. 185 பேர். ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் ஆறு வாரத்தில் 92 சதவீதம் பேருக்குச் சரியாகிவிட்டது. சும்மா பொறுத்திருந்தவர்களில் 32 சதவீதம்தான். ஊசிக்கு வெற்றி என்று நினைப்போம். ஓராண்டு முடிவில் ஊசிக் குழு 69, பொறுத்திருந்தவர்கள் 83, பிசியோதெரபி செய்தவர்கள் 91! மறுநாளே வலி போக வேண்டும் என்று நாம் நச்சரித்தால் டாக்டரும் என்ன செய்வார்?

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. கட்டைவிரலின் அடியில் உள்ள சதை மேடு வற்றிக்கொண்டே வருவது, மரப்பு எந்நேரமும் விலகாமல் இருப்பது, பொருள்கள் கை நழுவி விழுவது ஆகியவை நரம்பு பாதிக்கப்படுவதன் அடையாளங்கள். காலையில் விரல் மூட்டுகள் வீங்கி, அரை மணி நேரத்துக்கு மேல் மடக்க முடியாமல் இருந்தால் மூட்டுவாதமா என்று பார்க்க வேண்டும். நெஞ்சு அழுத்தத்தோடு இடது கை வலித்தாலோ, ஒரு பக்கக் கை திடீரென்று பலம் இழந்து பேச்சு குழறினாலோ கம்ப்யூட்டரை அணைக்கக்கூட நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தமிழில் டைப் செய்பவர்களுக்கு

ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழ் வரவழைக்கும் முறைதான் புதியவர்களுக்குச் சுலபம். ஆனால் கைக்கு அது கொஞ்சம் கூடுதல் வேலை. தண்ணீர் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த முறையில் பல புரோகிராம்களில் எட்டு கீகள், அதில் ண-வுக்காக ஷிப்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு தட்டு. தமிழ் 99 கீபோர்டில் த, ண, ண, ஈ, ர, புள்ளி என்று ஆறு தட்டு, ஷிப்ட் இல்லை. முதல் ண-வுக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். உயிரெழுத்துகள் இடது கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலது கைப் பக்கமும் இருப்பதால் இரண்டு கையும் மாறி மாறி வேலை செய்யும். நாளுக்கு நாலு வரி அடிப்பவருக்கு இதில் பெரிய வித்தியாசம் இல்லை. பக்கம் பக்கமாக அடிப்பவர் ஒரு மாதம் ஒதுக்கிக் கற்றுக்கொள்ளலாம். செட்டிங்ஸில் டைம் அண்ட் லேங்குவேஜ் பிரிவில் தமிழைச் சேர்த்து, அதன் லேங்குவேஜ் ஆப்ஷன்ஸில் ஆட் எ கீபோர்ட் கொடுத்தால் தமிழ் 99 கிடைக்கும்.

கைக்கு முழு ஓய்வு தேவைப்படும் நாட்களில் பேசியே டைப் செய்யலாம். குரோம் பிரவுசரில் கூகுள் டாக்ஸ் திறந்து, டூல்ஸ் மெனுவில் வாய்ஸ் டைப்பிங் கிளிக் செய்திடவும். மொழியைத் தமிழ் என்று மாற்றி மைக் படத்தை அழுத்திப் பேசவும். சந்திப்பிழைகள் வரும், திருத்த வேண்டியிருக்கும். மின்விசிறிச் சத்தமும் பக்கத்து வீட்டு டிவியும் இல்லாத நேரமாகப் பாருங்கள்.

நீங்களே தேடிப் பார்க்க

இங்கே சொன்ன ஆய்வுகளின் சுருக்கங்களை வீட்டிலிருந்தே, காசில்லாமல் படிக்கலாம். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் பப்மெட் என்ற தளம் அதற்கு இருக்கிறது. கூகுளில் பப்மெட் என்று தேடினால் முதலில் வரும். தேடும் கட்டத்தில் நோயின் பெயரையும் சிகிச்சையின் பெயரையும் ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டவும். ஆயிரக்கணக்கில் வந்து விழும், மலைக்க வேண்டாம். இடது பக்கத்தில் உள்ள கட்டங்களில் ரேண்டமைஸ்டு கண்ட்ரோல்டு ட்ரையல் என்பதில் டிக் செய்தால் சீட்டுக் குலுக்கி ஒப்பிட்ட சோதனைகள் மட்டும் நிற்கும். சிஸ்டமேட்டிக் ரிவ்யூ என்பதில் டிக் செய்தால் பல ஆய்வுகளைச் சேர்த்து எடை போட்ட கட்டுரைகள் வரும். ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட் என்பது முழுக் கட்டுரையும் இலவசமாகக் கிடைப்பவற்றைக் காட்டும்.

ஒன்றைத் திறந்ததும் மூன்று கேள்விகளுக்கு மட்டும் பதில் தேடுங்கள். எத்தனை பேர்? யாரோடு யாரை ஒப்பிட்டார்கள்? எவ்வளவு நாள் கழித்துப் பார்த்தார்கள்? மூன்றாவது கேள்வியை விட்டுவிட்டால், டென்னிஸ் எல்போ ஊசி போல ஆறாவது வாரத்து வெற்றியை நம்பி ஏமாறுவோம். ஆங்கிலம் சிரமம் என்பவர்கள் காக்ரேன் தளத்தைப் பார்க்கலாம். மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுத்தால், ஆய்வுத் தொகுப்புகள் பலவற்றின் எளிய சுருக்கம் தமிழிலேயே கிடைக்கிறது. பிடித்ததை பிரிண்ட் எடுத்து, விரல் வரைந்த அந்தப் பேப்பரோடு சேர்த்து டாக்டரிடம் எடுத்துப் போங்கள்.